ஏழாவது வாத்து

கேரல் விரலை வைத்து எண்ணினாள். "செவன்," என்றாள்.

அட்மிஷன் பார்க்கும் வீணா மேடம் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தார். பிறகு கேரலைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொரு தடவ எண்ணு, புட்டா," என்று கன்னடத்தில் செல்லம் கொஞ்சினார்.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு பழைய வீட்டைப் பள்ளியாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் மஞ்சள் பெயின்ட். அப்பா அம்மாவுக்கும் குழந்தைகள் உட்காரும் நாற்காலிதான். என் முட்டி மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இது மூன்றாவது பள்ளி. முதல் இரண்டு பள்ளியும் விண்ணப்பத்தில் அப்பாவின் படிப்பு என்ற கட்டத்தைப் படித்ததோடு முடிந்துவிட்டன. இங்கே ஒரே ஓர் இடம் பாக்கி. வெளியே பெஞ்சில் இன்னொரு குடும்பம் காத்திருந்தது. அந்த அப்பா மடியில் லேப்டாப்பை வைத்து மீட்டிங்கில் இருந்தார்.

நான் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை என் மனைவி டீனா கேட்டிலேயே கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். உள்ளே வாயைத் திறக்காதே என்றும் சொல்லியிருந்தாள்.

நிறம் கேட்டார்கள். கேரல் சொன்னாள். பாட்டு கேட்டார்கள். பாடினாள். கடைசியாக அந்தப் புத்தகம் வந்தது. வழவழப்பான அட்டை. பாஸ்டன் நகர வல்லுநர்கள் தயாரித்தது என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு குளம். குளத்தில் வாத்துகள்.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கேரல் மறுபடியும் எண்ணினாள். நடுத்தண்ணீரில் ஆறு. அப்புறம் விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே கோரைப்புல்லுக்குப் பின்னால் ஒரு வால். ஓர் ஆரஞ்சு நிறக் கால்.

"செவன்."

வீணா மேடம் விடைத்தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கம் பதினான்கு, ஆறு.

டீனா கேரலின் தோளை அழுத்தினாள்.

"சிக்ஸ்னு சொல்லுடி, செல்லம்."

கேரல் படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாலு வயது. உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் ஜூனில் யூனிஃபார்ம், பை, வேன். எனக்குத் தெரியாமல் இல்லை.

"எத்தன இருக்குதோ அத்தன சொல்லும்மா," என்றேன்.

"செவன்." இந்த முறை சத்தமாகச் சொன்னாள்.

வீணா மேடம் பேனாவை மூடினார்.

"சார், இது அமெரிக்கால பிஎச்டி பண்ணவங்க போட்ட புக்கு. ஒவ்வொரு பேஜையும் அஞ்சு பேர் செக் பண்றாங்க. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பி.காம். மூணாவது செமஸ்டர்ல நின்னுட்டேன்."

"அதான்," என்றார். திட்டவில்லை. பரிதாபமாகத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

"நீங்க ஒரே ஒரு தடவ எண்ணிப் பாருங்க மேடம்."

அவர் எண்ணவில்லை. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். மெயில் வரும் என்றார். வெளியே இருந்த குடும்பம் எழுந்து நின்றது.

ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் டீனா முன்னால் நடந்தாள். அங்கே போனதும் நின்று திரும்பினாள்.

"ஒரு வாத்துக்கோசரம் சீட்ட உட்டுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

"ஏழு இருந்துச்சு."

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும்! அந்த வாத்தா நாளைக்கு வந்து இவளுக்கு ஏபிசிடி சொல்லித்தரும்?"

ஆட்டோக்காரர் சிரித்தார். டீனா அவரையும் முறைத்தாள். பையைத் திறந்து ஐடி கார்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

கேரல் என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"டாடி, அந்த டக் ஏன் ஒளிஞ்சிக்கிச்சு?"

"ஒளியலம்மா," என்றேன். அதற்கு மேல் டீனா முன்னால் எதுவும் சொல்ல முடியாது. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

முருகேஷ்பாளையாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் என் ஆபீஸ். அமெரிக்கப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்து அனுப்புகிற வேலை. கேரல் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் புத்தகம் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் எட்டுக்கால் பூச்சிக்கு ஆறு கால் போட்டிருந்தார்கள். டீம் லீடர் சீனிவாசராகவனிடம் போய்ச் சொன்னேன்.

"டிகிரியே இல்ல உனக்கு. நீ எதுக்குப்பா யோசிக்கற? ஒட்டு, அனுப்பு."

பதினான்காம் பக்கத்துக்கு வந்த குறிப்பில் ஆறு வாத்து என்று இருந்தது.

நான் ஏழு ஒட்டினேன்.

ஒளித்து வைக்கவில்லை. வால் தெரிய, கால் தெரிய வைத்தேன். எண்ணிப் பார்க்கிறவன் எவனாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அப்போது பன்னிரண்டாம் பக்கத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அது நேராக என் மகளின் விரலுக்குக் கீழே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அவளுடைய சீட்டைக் கெடுத்தது நான்தான். அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவளை ஆறு என்று சொல்லவைத்திருக்க மாட்டேன்.

எனக்குப் பிறகு ஐந்து பேர் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வருடம். நான்கு பதிப்பு.

இன்று காலை பத்து மணி வரை ஒருவரும் எண்ணவில்லை.