இரண்டாம் தொட்டிக்கும் கொஞ்சம்

"ரெண்டு தொட்டியும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?"

சிப்பி டாக்டர் போட்ட சத்தத்தில் பண்ணையே கப்சிப் என்று ஆகிவிட்டது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சிப்பிகளை ஆராய்ச்சி செய்கிறவள். சின்ன வயசுதான். வந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் மேலாளரே அவளிடம் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்.

மேஜைமேல் விசிறிச் சிப்பிகள் இரண்டு பிளந்து கிடந்தன, தொட்டிக்கு ஒன்றாக. இரண்டிலும் முட்டைப் பை ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று இருந்தது.

பக்கத்தில் காலி வாளியோடு நின்றாள் தீனியக்கா. தாய்ச் சிப்பிகளுக்குப் பாசித் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை; அதனால் வந்த பெயர். ஆறு வாரத்துக்கு முன் டாக்டர் போட்ட உத்தரவு அவளுக்கு மனப்பாடம். முதல் தொட்டிக்கு மூன்று வகைப் பாசி கலந்த சத்தான தீனி. இரண்டாம் தொட்டிக்கு வெறும் பச்சைப் பாசி மட்டும். எதில் முட்டை நன்றாகப் பிடிக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடும்.

"ரெண்டாம் தொட்டி வத்தலும் தொத்தலுமா இருக்கணும். இது என்னடான்னா, விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு!" என்றாள் டாக்டர்.

மேலாளர் சட்டென்று திரும்பினார். "என்னம்மா திருதிருன்னு முழிக்கிற? என்னத்த ஊத்தித் தொலைச்ச?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? "கலவையில கொஞ்சம் ரெண்டாம் தொட்டிக்கும் ஊத்திட்டேன் சார். தினமும்."

"ஏன்?"

"பந்தி வஞ்சனை பண்ற மாதிரி இருந்துச்சு."

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "பக்கத்துத் தொட்டிக்காரன் என்ன சாப்பிடுறான்னு சிப்பிக்குத் தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது சார். ஊத்துற எனக்குத் தெரியுமே."

"ஆகா, பெரிய தர்மதேவதை! இந்த நியாயத்தையெல்லாம் வீட்டோட வச்சுக்கணும். மேடம், இன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிடறேன்."

"வேணாம். நீங்க போங்க, நான் பேசிக்கறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். தீனியக்கா கையிலிருந்த காலி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் இரண்டும் சுட்டன. இந்த வேலை போனால் அடுத்த வேளைக்கே திண்டாட்டம்தான். ஆனால் அதைவிட, போயும் போயும் இந்தப் பெண் முன்னால் தலைகுனிந்து நிற்கிறோமே என்பதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. இவள் வந்த நாளிலிருந்து முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிந்ததில்லை. டாக்டரும் அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பதோடு சரி.

"ஆறு வார உழைப்பு. எல்லாம் மண்ணாப் போச்சு," என்றாள் டாக்டர்.

"தப்புதான் மேடம். என்னைத் துரத்திடுங்க. வேற யாரையாவது வச்சு மறுபடி ஆரம்பிங்க."

"துரத்தலை. நாளைக்குப் புதுச் சிப்பிங்க வருது. முதல் தொட்டிக்குக் கலவை, ரெண்டாவதுக்கு வெறும் பச்சை. நீங்கதான் ஊத்தணும்."

"ஐயோ, அந்தப் பாவத்த மட்டும் என்னைச் செய்யச் சொல்லாதீங்க! எல்லாம் வாயத் தொறந்து காத்துக் கிடக்கும்போது ஒண்ணுக்கு நல்லதும் ஒண்ணுக்கு மட்டமுமா... எனக்குக் கை வராது மேடம்."

டாக்டர் கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏன் வராது? தம்பிக்குக் கெட்டிப் பாலும் எனக்குத் தண்ணிப் பாலுமா பத்து வருஷம் ஊத்தின கைதானே, சித்தி?"