பதினைந்து செகண்டு வேலை

அரியலூர் மைதானத்தின் உச்சி வெயிலில் சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் கூச வைக்கின்றன. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நூறு மீட்டர் இறுதி ஓட்டம் அரைமணிக்குள் மூன்றாவது முறையாக நடக்கப்போகிறது. முதல் முறை, நேரம் குறிக்கும் நடுவர் போன் பேசிக்கொண்டே ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்துவிட்டார். இரண்டாம் முறை, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்தப் போய்விட்டார். ஒரு கட்டைவிரல் செய்ய வேண்டிய வேலை, அதுகூட நடக்கவில்லை. இரண்டு முறையும் முதலில் வந்தவள் செந்துறை பொன்மதி. தோற்கிறோம் என்று தெரிந்ததும் மற்றவர்கள் பாதியிலேயே வேகத்தைக் குறைத்துக் கால் வலுவை மிச்சம் வைத்திருக்கிறார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தொடைச் சதை தானாகத் துடிக்கிறது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறாள்.

"ரெண்டு தடவையும் உசுரக் குடுத்து ஓடியிருக்கா சார். ஒரு மணி நேரமாச்சும் விடுங்க," என்கிறார் அவளுடைய பாக்யலட்சுமி டீச்சர்.

"பதினஞ்சு செகண்டு வேலம்மா!" நடுவர் நாற்காலியில் சாய்ந்து மோர் குடிக்கிறார்.

விசில் ஒலிக்கிறது. அறுபது மீட்டர் வரை பொன்மதிதான் முன்னால். பிறகு அந்தத் தொடை கல்லாக இறுகுகிறது. மூன்று பேர் அவளைக் கடந்து போகிறார்கள். நொண்டியபடியே கோட்டைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்துவிடுகிறாள். இந்த முறை மட்டும் ஸ்டாப்வாட்ச் சரியாக நிற்கிறது.

"ரெண்டு தடவ மொதல்ல வந்தத நீங்களே பாத்தீங்கல்ல சார்?" நடுவரின் முன்னால் போய் நிற்கிறார் டீச்சர்.

"நெசமாவே ஓடுற புள்ளன்னா மூணாவதும் மொதல்ல வந்திருக்கணுமேம்மா," என்கிறார் நடுவர், நாற்காலியை விட்டு எழாமலே.