ஒன்பதாவது தட்டு

ஏற்காட்டில் அந்த ஓட்டலில் ஒரு ஆள் சாப்பிட ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு தட்டு வரும். ஒன்பதாவது தட்டில் ஒரே ஒரு வல்லாரை இலைதான் இருக்கும். அதுவும் பச்சையாக.

"செம்மநத்தத்துக்கு மேல ஒரு சுனைக்கரையில முளைக்கிற இலைங்க. எங்க செங்கோடண்ணன் தினமும் விடியக்காலம் மலையேறிப் பறிச்சுட்டு வர்றாரு" என்று செஃப் யுவராஜ் விருந்தாளிகளிடம் சொல்லும்போது, செங்கோடன் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அவருக்குத் தலை தானாகக் குனிந்துவிடும்.

"அண்ணனுக்கு வெக்கம் சாஸ்தி" என்று யுவராஜ் சிரிப்பான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்த ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். "அண்ணா, எம் பொண்ணுக்கு ஒரு பிடி இலை தருவீங்களா? நாலு வயசு. சுனைத்தண்ணியில வளந்ததுதானே, அலசாம அப்படியே தரலாமில்ல?"

குழந்தை கையை நீட்டியது.

"பாப்பாவுக்கு வேண்டாமுங்க."

"ஏண்ணா, நெறைய இருக்கே. குடுங்க" என்றான் யுவராஜ்.

"வா சாமி, காட்டறேன்" என்று யுவராஜைக் கூட்டிக்கொண்டு செங்கோடன் காலை இழுத்து இழுத்து நடந்தார். மலைப்பக்கம் போகவில்லை. சமையலறையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றார். பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரம் முழுக்க வல்லாரை படர்ந்து கிடந்தது.

"முட்டி தேஞ்சு ஆறு மாசமாச்சு சாமி. இதுதான் அந்தச் சுனை" என்றார், நிமிராமலே. "மூணு தண்ணி அலசித்தான் குடுத்தேன். பெரியவங்களுக்குக் குடுத்துட்டேன். கொழந்தைக்குக் குடுக்கக் கை வரல."