இரண்டாவது கையெழுத்து

அப்பாவுக்கு முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த சட்டைதான் வேண்டும் என்று சுகிர்தா சொன்னாள்.

அப்பாவின் மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாயிற்றா என்று கேட்டாள். நர்ஸ் வாய் திறக்கும் முன்பே கிட்னி பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஞ்சியோகிராமுக்கு முழு மயக்கம் கொடுக்க மாட்டார்களாம். மணிக்கட்டை மட்டும் மரத்துப்போக வைத்து அதன் வழியே குழாய் விடுவார்களாம். மருந்து ஓடும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். ஒன்றுக்குப் போய்விட்டதுபோல் இருக்கும், போயிருக்காது. பயப்படக் கூடாது.

இதையெல்லாம் சுகிர்தா அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள்.

அவருக்குச் சொல்லத் தேவையில்லை என்பதுபோல.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

"உனக்கு எப்படிட்டி இதெல்லாம் தெரியும்?"

"போன்ல பார்த்தேன்மா."

வங்கியில் வேலை பார்க்கிற பெண். விரலில் கீறல் பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பையன் யாராவது பழக்கமோ. இன்றைக்கு அதைக் கேட்க முடியாது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. நர்ஸ்களில் யாராவது மகளைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கவனித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

சுகிர்தா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் கழித்து, பேஷண்ட் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

சுகிர்தாதான் முதலில் எழுந்தாள். பிறகு அம்மாவுக்கு வழிவிட்டாள்.

சின்ன அறை. திரையில் கறுப்பு வேர்கள் துடித்துக்கொண்டிருந்தன. அதுதான் அவர் இதயம் என்றார் டாக்டர். ஓர் இடத்தில் பேனாவை வைத்தார். தொண்ணூறு சதவீத அடைப்பு. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடுவது நல்லது.

பேனாவைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார்.

"பழசு நல்லாத்தான் இருக்கு. அதைப் பத்திக் கவலை வேண்டாம்."

"பழசுன்னா?" அம்மா கேட்டாள்.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ஆறு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் வைத்தது என்றார். சார்தான் அட்மிஷனில் சொன்னாராம்.

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த சுகிர்தாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் போனார். மறுநாளே திரும்புவதாகத்தான் பேச்சு. ஐந்து நாள் ஆயிற்று. ஹாஸ்டல் மாற்ற அலைகிறோம் என்று போனில் சொன்னார். வந்தபோது மணிக்கட்டில் கன்றிப்போயிருந்தது. பஸ் கம்பியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

அவளே எண்ணெய் தடவிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரை. பிரஷருக்கு என்றார். எத்தனையோ நாள் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

நர்ஸ் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

சுகிர்தாவின் கை தானாக நீண்டது.

பாதியில் நின்றது.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். கேட்க எதுவும் மிச்சமில்லை.

பேனாவை அவள் வாங்கினாள். நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து உட்கார்ந்தார்கள். சுகிர்தாவே சொல்ல ஆரம்பித்தாள்.

ஹாஸ்டல் வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டியதாம். ஆட்டோவில் ஏற்றினாளாம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. தையல்கூடக் காயவில்லை, அவளுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா சொன்னாராம். உடம்பு தேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்றாராம்.

"அப்புறம் எப்படிச் சொல்லன்னே தெரியலம்மா."

அம்மா கதவைப் பார்த்தபடி இருந்தாள். ஆறு தீபாவளி. எத்தனை இரவு அவர் வயிற்றில் கேஸ் என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தார். எத்தனை முறை இவர்கள் இரண்டு பேரும் போனில் தணிந்த குரலில் பேசினார்கள். அவள் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். எது கேஸ், எது நெஞ்சுவலி. இனி எதை நம்புவது.

மகள் பக்கம் திரும்பினாள்.

அன்றைக்கு அங்கே கையெழுத்துப் போட்டபோது இந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது.

"அன்னைக்கு உன் பக்கத்துல யாரு இருந்தா?"

சுகிர்தா, யாரும் இல்லை என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிராதம்மா."

"நீ எங்கட்டி சொன்ன? டாக்டர்லா சொன்னாரு."

சுகிர்தா அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். அம்மா தடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது.

அவர் விழித்துத்தான் இருந்தார். உதடு காய்ந்திருந்தது. கண்கள் மகளைத் தேடின. அவள் முகத்தில் எதையோ படிக்கப் பார்த்தன.

அம்மா எழுந்தாள்.

மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.