சமாதானம் சொல்லும் நேரம்

பிலோமினம்மா நான் இருந்த வாங்கிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேறு இடம் இல்லாமல் இல்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குக் கத்தோலிக்கக் கோயில் ஒருநாளும் நிறைவதில்லை. எனக்கு முன்னால் மூன்று வாங்கு வெறுமையாகக் கிடந்தது.

என் ஐந்து வயது மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

பிலோமினம்மாவின் ஒரே மகள் அஞ்சலீனா. இரண்டு வருடத்துக்கு முன், செவன் கிங்ஸில் வேலை முடிந்து வீதியைக் கடக்கும்போது எங்கள் கார் அடித்துச் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. என் கணவர் றெஜினோல்ட் அதற்காக மூன்று வருடத் தண்டனையில் சிறையில் இருக்கிறார்.

அதிலிருந்து பிலோமினம்மா இடது பக்கம் முன்வாங்கு, நான் வலது பக்கம் கடைசி வாங்கு. யாரும் பிரித்து வைக்கவில்லை. நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம். நடுவில் இருப்பவர்கள்தான் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகிறவர்கள்.

தவக்காலம். ஃபாதர் பிரசங்கத்துக்கு ஐந்தாம் கட்டளையை எடுத்தார். மனுசருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

கொலை செய்யாதே என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கை தவறிக் கொன்றவனுக்கும் மோசேயின் சட்டத்தில் ஒரு வழி இருந்தது என்றார். ஓடிப்போய்ப் பிழைத்திருக்க ஆறு ஊர்கள். அந்த ஊருக்குள் இருக்கும்வரை செத்தவரின் சொந்தக்காரன் அவனைத் தொட முடியாது. அவனும் வீட்டுக்குத் திரும்ப முடியாது. தவறிப் போனாலும் உயிர் உயிர்தான், அது கடவுளுடையது, அதற்கு ஈடு என்று எதையும் வாங்கக் கூடாது என்றார்.

முன்னால் இருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். றெஜியைப் போட்டிருக்கும் சிறைதான் அந்த ஊர் என்று நினைத்திருப்பார்கள்.

பிலோமினம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் செபமாலை, ஒரு மணிகூட நகரவில்லை. நான் மகளின் ஜாக்கெட் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயம் பிரசங்கம் இல்லை. பரலோக மந்திரம் முடிந்ததும், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று ஃபாதர் சொல்வார். பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டுச் சொல்ல வேண்டும். எல்லாரும் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் இந்த வாங்குக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திருப்பட்டும் என்றும் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், அதற்குத்தான் நான் ஆசைப்பட்டேன்.

ஃபாதர் சொன்னார்.

பிலோமினம்மா திரும்பினார். கும்பிடவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“உம்மட மனுசனைச் சாகுமட்டும் மன்னிக்க மாட்டன், பிள்ளை. ஆனா நீர் என்ன செய்தனீர்? உம்மோட முகம் குடுத்துக் கதைக்காமல் விட்டது என்ர பிழை.”

அந்தப் பக்கத்து வாங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சமாதானம் என்றேன். சத்தம் வந்ததா, வாய் மட்டும் அசைந்ததா தெரியாது. அந்த இடத்திலேயே செத்துவிட வேண்டும் போல இருந்தது.

அன்று காரை ஓட்டியது நான்.

எல் போர்டு போட்டுப் பழகத் தொடங்கி இரண்டாவது மாதம். றெஜி பக்கத்தில் இருந்தார். மழையில் அவள் குடையோடு குறுக்கே வந்தாள். பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது பிரேக் இல்லை.

றெஜி இறங்கி ஓடிப் பார்த்தார். ஆம்புலன்ஸுக்கு அடித்தார். வீதியில் வேறு சனம் இல்லை. எல் போர்டு இரண்டையும் பிடுங்கினார், என்னைப் பக்கத்துச் சீற்றுக்குத் தள்ளினார்.

“எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு, உமக்கு விசாதான். உள்ளுக்குப் போட்டாலும் என்னை நாட்டை விட்டு அனுப்பேலாது.”

எங்கள் ஆட்களுக்கு எந்த ஆபத்திலும் முதலில் ஞாபகம் வருவது விசாதான். ஒருத்தி வீதியில் கிடக்கும்போதும் அதுதான் வந்தது.

கோர்ட்டில் ஒரு மூலையில் இருந்து அழுதேன். பாவம் அந்தப் பெட்டை என்று கோயில் பங்குச் சனம் முறை வைத்துச் சோறு சமைத்துக் கொண்டுவந்து தந்தது.

இப்போது சொன்னால் அவருக்குப் பொய் சொன்ன வழக்கும் சேரும். எனக்கும் சிறை. மகளைக் கவுன்சில் வளர்ப்பு வீட்டுக்குக் கொண்டுபோகும். சொல்லாவிட்டால், அவர் வெளியே வந்தாலும் கொலைகாரன், நான் அவருக்கு வாழ்க்கைப்பட்ட பாவம். எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி இல்லை.

நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்பியது.

இப்படியொரு பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடாதவள் அதை வாங்கக் கூடாது. வாங்கினால் அது இன்னொரு பெரும் பாவம். இரண்டு வருடமாக அந்த நேரம் பார்த்து மகளை டாய்லெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். யாரும் கவனித்ததில்லை.

பிலோமினம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, முதலில் போகும்படி எனக்கு வழி விட்டார்.

போகாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்.

போய் வாங்கினேன்.