மிளகாய்த் தூசி வழக்கு

"பக்கத்துக் கடை நானா நம்ம மேல வழக்குப் போட்டுட்டாரு புள்ள."

கோர்ட்டுக் கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு ரெங்கசாமி மில்லுக்குள் வந்து நின்றார். மனைவி கருப்பம்மாவுக்கு விளங்கவில்லை. மெஷினை நிறுத்தினாள்.

"எந்த நானா?"

"ஸஹாப்தீன் நானாதான். நம்ம மில்லு மிளகாத் தூசி பறந்து அவரு கடைச் சேலையெல்லாம் நாசமாப் போகுதாம். மில்லை மூட உத்தரவு கேட்டிருக்காரு."

பதுளை பசார் வீதியில் ரெங்கசாமியின் மிளகாய் அரைக்கும் மில்லுக்கும் ஸஹாப்தீன் முதலாளியின் புடவைக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஹாலிஎல தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த ரெங்கசாமிக்கு இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே, அண்ணனாக நினைத்து அவர் நானா என்று கூப்பிடும் இந்த முதலாளிதான். பெருநாளைக்கு அவர் மனைவி ஸல்மா வட்டிலப்பம் அனுப்புவாள். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். இத்தனை வருஷத்தில் தூசி என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

ரெங்கசாமி நேரே போய்க் கேட்டார்.

"நானா, தூசி வருதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ஜன்னலுக்குச் சாக்குக் கட்டியிருப்பேனே."

முதலாளி நிமிர்ந்து பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"பேச்சு எதுண்டாலும் கோர்ட்டில பேசுவோம்."

அன்றோடு பேச்சு நின்றது.

"மில்லு இடத்தையும் சேத்துக் கடையைப் பெரிசாக்கப் பாக்கிறாரு மனுசன்" என்றார்கள் வீதியில் உள்ளவர்கள். அடுத்த பெருநாளைக்கும் ஸல்மா வட்டிலப்பம் அனுப்பினாள். கருப்பம்மா மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள்.

வழக்கும் ஒழுங்காக நடக்கவில்லை. முதல் தவணை விசாரணைக்கு முதலாளி வரவில்லை. காய்ச்சல் என்று டாக்டர் சீட்டு வந்தது. அடுத்த தவணைக்கு அவருடைய சாட்சி வரவில்லை. அதற்கடுத்த தவணைக்கு அவர் அவசரமாக மொனராகலைக்குப் போய்விட்டாராம். ஒவ்வொரு தடவையும் ரெங்கசாமி மில்லைப் பூட்டிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கோர்ட்டு வாசலில் காத்திருந்து திரும்பினார்.

"தோக்கிற வழக்குன்னு அவருக்கே தெரியும். இழுத்தடிச்சே என்னைச் சாகடிக்கப் பாக்கிறாரு."

அது, தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். இலங்கைப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டு, கையில் இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டவர்களெல்லாம் பதுளையில் கோச்சி ரயில் ஏறி, அழுதுகொண்டே தலைமன்னார்க் கப்பலுக்குப் போனார்கள். ரெங்கசாமிக்கும் கருப்பம்மாவுக்கும் அந்தப் பாஸ்போர்ட் வந்திருந்தது. கூடவே வாங்கிய அண்ணன் தம்பையா குடும்பம் போயே விட்டது. இவர்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

"நம்மள மறந்துட்டாங்க போலருக்கு" என்றாள் கருப்பம்மா. "மறந்தவங்க மறந்தபடியே இருக்கட்டும். நம்ம புள்ளைய இந்த மண்ணுலதானே புதைச்சிருக்கோம். அவளை விட்டுட்டு எங்க போறது?"

ரெங்கசாமிக்கு அந்தக் கவலையைவிட வழக்குக் கவலைதான் பெரிதாக இருந்தது. வேறொரு புரொக்டர் வக்கீலைத் தேடிப் போனார்.

"ஐயா, நான் யாருக்கும் கெடுதல் செஞ்சவன் இல்லைங்க. கோர்ட்டுக்குப் போறவன்னு நாலு பேர் பாக்க நடக்க முடியல. எப்படியாச்சும் முடிச்சுக் குடுங்க."

புதிய புரொக்டர் கெட்டிக்காரர். அடுத்த முறை முதலாளியின் பக்கம் தவணை கேட்டதும் எழுந்து மறித்தார். நீதவானும் பொறுமை இழந்திருந்தார்.

"கெட்டுப்போன ஒரு துணியையாவது காட்ட முடியுமா?"

முதலாளி கூண்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு தவணை தாங்க ஐயா" என்று கும்பிட்டார்.

வழக்குத் தள்ளுபடியானது.

கருப்பம்மா புடவைக் கடைக்கு எதிரிலேயே பட்டாசு கொளுத்தினாள். உள்ளே முதலாளி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தோத்த வயித்தெரிச்சல்" என்று வீதி சிரித்தது.

கொஞ்ச நாளில், ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் அரசாங்கக் கந்தோரிலிருந்து ரெங்கசாமிக்குக் கட்டளை வந்தது. கப்பலுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மெஷினைக் கழற்றி ஏற்றிய லொறி போய்விட்டது. வெறும் மில்லைக் கருப்பம்மா கூட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. வழக்குப் போட்ட நாளிலிருந்து அந்தப் படியை மிதிக்காத ஸஹாப்தீன் முதலாளி நின்றார்.

"வாங்க" என்றாள் கருப்பம்மா. "இடம் காலியாயிருச்சு. இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

அவர் தோள் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

ரெங்கசாமி அவளைக் கையமர்த்திவிட்டுக் கிட்டே போனார்.

"போற நேரத்துல ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் நானா. எங்க தூசியில ஒங்க கடையில ஒரு சேலையாச்சும் கெட்டுப்போச்சா?"

"இல்ல ரெங்கா. ஒண்டும் கெட்டுப்போகல்ல."

"அப்ப ஏன் நானா?"

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வழக்கு ஒண்டு இருந்தா, அது முடியிற மட்டும் ஆள நாட்டைவிட்டு அனுப்ப மாட்டாங்கண்டு கந்தோர்ல செல்லினாங்க. ஒனக்கிட்ட செல்லியிருந்தா நீ கூண்டில ஏறி உண்மையச் செல்லிருவாய். பகையாளியாவாச்சும் பக்கத்துக் கடையில இருப்பாய்தானேண்டு நெனச்சேன், ரெங்கா."