நீக்கிய இருமல்

இரைச்சலைத் தானாகவே நீக்காத ரெக்கார்டர் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. சினிமா மாணவி ரெஜினா தன் ஆவணப்படத்துக்காகக் கல் கிரஷரில் இருபது வருடம் வேலை பார்த்த செல்லக்கிளியைப் பேசவைத்து, பதிவைக் கேட்டாள். ஓர் இருமல்கூட இல்லை. வாக்கியத்துக்கு இரண்டு தடவை இருமினாரே, அதெல்லாம் எங்கே போயிற்று? ரெக்கார்டரை நோண்டி நோண்டி, நீக்கிய ஒலிகள் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பதினெட்டு நிமிடம் வெறும் இருமல். படமே இதில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

இருமல் இல்லாத பேச்சு, வெறும் இருமல் இரண்டையும் செல்லக்கிளிக்குப் போட்டுக் காட்டினாள்.

"இருமலைப் படத்துல வெச்சுக்க கண்ணு," என்றார் அவர். "இருமாம பேசறத எம்மவளுக்கு அனுப்பு. போன் பண்ணுனா அவ இருமலத்தான் கேக்கறா. நான் பேசறத ஒரு நாளாவது கேக்கட்டும்."